லேபிள் மாறிய இரண்டு குழாய்கள்

ரத்தம் எடுப்பதில் அவளுக்குப் பத்தொன்பது வருட அனுபவம். ஊசி இறங்குவதே தெரியாமல் உறிஞ்சிவிடுவாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் 'கொசு'. முதலில் ரத்தம், பிறகுதான் குழாயில் லேபிள். இதை மாற்றிச் செய்கிற புதுப்பெண்களை அவள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவளே சொந்த வீட்டு ரத்தத்தில் தவறிவிட்டாள். ஐந்து வயது மகளுக்கு ஆட்டிசம். கருவில் மூளைச் செல்கள் ஒன்றோடொன்று இணைய உதவும் மரபணு ஒன்று குழந்தைக்கு மாறியிருப்பதாக டாக்டர் சொன்னார். அது அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்தா என்று பார்க்க இருவர் ரத்தமும் வேண்டுமாம். எங்கிருந்து வந்தாலும் அது யாருடைய குற்றமும் இல்லை என்றும் சொன்னார். அது அவள் காதில் ஏறவே இல்லை. அவளுடைய அண்ணனுக்கு நாற்பது வயதாகியும் பேச்சு வரவில்லை. பிறவியிலேயே அப்படி. 'சின்ன வயசுல வந்த காய்ச்சல்' என்று கல்யாணத்தின்போது கணவனிடம் சொன்ன பொய் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மாற்றம் தன் பக்கத்திலிருந்து என்று வந்தால் குட்டு உடைந்துவிடும்.

தனக்கும் கணவனுக்கும் தானே ரத்தம் எடுத்தபோது, அந்தப் பயத்தில் வெறும் குழாய்களிலேயே லேபிள்களை முன்கூட்டி ஒட்டித் தொலைத்தாள். மூன்று வாரம் கழித்து, ரத்தம் போன பெரிய ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"கணவர் பேர் போட்ட குழாய்ல ஒரு பெண்ணோட ரத்தம் இருக்கு மேடம். ரெண்டும் மாறிடுச்சு போல. மறுபடி எடுத்து அனுப்புங்க."

பஸ் ஓட்டும் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கொசுவுக்கே அட்ரஸ் மாறிடுச்சா?"

"சிரிக்காதீங்க. பயத்துல லேபிளை முன்னாடியே ஒட்டிட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கண்ணனுக்குக் காய்ச்சலே வரலைங்க. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

சிரிப்பு நின்றது. அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான். இந்த முறை ரத்தம் எடுத்த பிறகே லேபிள் ஒட்டினாள்.

அடுத்த மூன்று வாரமும் அவன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு அவன் கத்தியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கடைசியில் முடிவு வந்தது. அந்த மாற்றம் அவளிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. மகளுக்குத்தான் புதிதாக உண்டாகியிருக்கிறது, சில குழந்தைகளுக்கு அப்படி நேரும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளைங்க! எங்கண்ணன் விஷயம் நம்மளோடயே இருக்கட்டும். கேக்கிறவங்ககிட்ட எப்பவும்போலக் காய்ச்சல்னே சொல்லிக்கலாம்."

அவன் மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அவளை நேராகப் பார்த்தான்.

"சரி, இவளுக்கு என்ன காய்ச்சல்னு சொல்லலாம்?"