உலூம் இல்லாத ஊர்

அரபுக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ராஸ் ஹுவைலில் யார் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கேட்பது "என்ன உலூம்?" என்றுதான். உலூம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் செய்தி. மகனைக் கொன்றவன் வந்து நின்றாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கத்தியைத் தேடப் போக வேண்டும். வந்தவரும் உடனே கொட்டிவிடக் கூடாது. "உலூம் ஒண்ணுமில்ல, எல்லாம் நலம்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். வரும் வழியில் அவருடைய ஒட்டகம் செத்திருக்கலாம், மாமியார் மாலுமியோடு ஓடியிருக்கலாம். அதெல்லாம் மூன்றாவது கோப்பைக் காவா, அதாவது அரபுக் காப்பி, தொண்டையில் இறங்கிய பிறகுதான் வெளியே வரும்.

பதினொரு வருடம் அந்த ஊரில் குடியிருந்தும் அந்தக் கேள்வியை ஒருவர் வாயிலிருந்தும் கேட்காத மனிதர் முல்லா குலூம்.

காரணம், அவர் வேலையே செய்தி எழுதுவது. அக்கரையில் வெள்ளைக்காரர்களின் அலுவலகம் ஒன்று இருந்தது. முதல் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருடம் முந்திய காலம் அது. எந்த ஷேக் எந்த ஷேக்கோடு முறைத்துக்கொண்டார், கோட்டையில் எத்தனை பேர் காவல், எந்தப் படகில் துப்பாக்கி ஏறியது என்பதெல்லாம் அந்த அலுவலகத்துக்கு வாராவாரம் தெரிந்தாக வேண்டும். முல்லா ஒரு தாளில் அரபியில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்து, வியாழக்கிழமைத் தபால் படகில் அனுப்புவார். முத்துக் கோத்த மாதிரி கையெழுத்து. அவர் எழுதிய 'நூன்' எழுத்தின் வயிற்றில் ஒரு புறா முட்டையிடலாம் என்பார்கள்.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எழுதிய ஒற்றை வரிக்காகப் போர்க்கப்பல் ஒன்று வந்து கோட்டையின் வடக்கு மூலையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. எனவே ஊர் தனக்குள் பேசி ஒரு முடிவு எடுத்தது. முல்லாவுக்கு சலாம் உண்டு, காவா உண்டு, கல்யாணத்தில் சோறு உண்டு. உலூம் மட்டும் கிடையாது. அவரிடம் கேட்கவும் கூடாது. கேட்டால் முறைப்படி அவரும் திருப்பிக் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். ஆண்கள் கூடிப் பேசும் மஜ்லிஸில் அவர் வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் முதல் கோப்பையோடு கோப்பையை ஆட்டிவிடுவார்கள். கோப்பையை ஆட்டினால் 'போதும், இனி வேண்டாம்' என்று அர்த்தம். மூன்றாவது கோப்பை வராவிட்டால் உண்மை எங்கிருந்து வரும்?

பாரசீகக் கரையின் லிங்காவில் மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர் அவர். பிள்ளை இல்லை. காய்ந்த எலுமிச்சை போட்ட மீன்குழம்பைத் தானே வைத்துத் தானே சாப்பிடுவார். பேரீச்சை ஓலைச் சுவருக்கு அந்தப்பக்கம் ரொட்டி சுட்டு விற்கும் ஷம்ஸா குடியிருந்தாள். ஒரு மத்தியானம் சுவருக்கு அப்பாலிருந்து பேச்சுக் குரல் கேட்டு, விருந்தாளி வந்திருக்கிறார் என்று இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே முல்லா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"யார்கிட்ட பேசினீங்க முல்லா?"

"யாருமில்ல. சும்மா."

"'என்ன உலூம் முல்லா'ன்னு ஒரு குரல், 'எல்லாம் நலம்'னு ஒரு குரல். ரெண்டும் உங்க குரல்தான்."

"தொண்டையைச் சரிபண்ணிட்டு இருந்தேன்."

"நல்லாத்தான் சரிபண்றீங்க. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ரொட்டி வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே கிணற்றடியில் நடித்துக் காட்டினாள். ஆனால் அவளும்தான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் அக்கரை அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு துரை வந்தார். பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்த்து எரிச்சலானார். 'என்று தோன்றுகிறது', 'என எண்ணுகிறேன்' என்றெல்லாம் எழுதாதே. யார் என்ன சொன்னார்களோ அதை அவரவர் வார்த்தையிலேயே, பெயரோடு எழுது என்று உத்தரவு போட்டார். முல்லா உத்தரவை மீறிப் பழகாதவர். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்.

"என்ன உலூம் ஷம்ஸாம்மா?"

"என்கிட்ட ஏது உலூம்? மாவு இருக்கு, புகை இருக்கு. உலூம் இல்ல."

படகுத் தலைவர், அதாவது நகுதா, தானி கரையில் உட்கார்ந்து படகுக்கு எண்ணெய் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரின் பெரிய படகு அவருடையது, பெரிய மஜ்லிஸும் அவருடையதுதான்.

"என்ன உலூம் நகுதா?"

"எனக்கு உலூம் இல்ல. எங்கப்பாவுக்கும் இருந்ததில்ல. என் மகன் மத்தரைக் கேளும், அவனுக்கு சுத்தமா கிடையாது."

காஜி தொழுகை முடித்து வந்து, தாடியைத் தடவிக்கொண்டு, தம்மிடம் கடுகளவு உலூம்கூட இல்லையென்று அல்லாமேல் ஆணையாகச் சொன்னார். ஷேக் இன்னும் பெருந்தன்மையானவர். "இந்தக் கரையிலேயே உலூம் இல்லாத ஊர் எங்க ஊர்தான், அப்படியே எழுதிக்குங்க முல்லா," என்றார்.

முல்லா அப்படியே எழுதினார். இருபத்து மூன்று பேர், பெயர், வயது, தொழில், ஒவ்வொருவரும் தமக்கு உலூம் இல்லையென்று ஒப்புக்கொண்ட விவரம். அடுத்த வாரமும் அதே. ஐந்து வாரம் போனது.

அக்கரையில் மொழிபெயர்ப்பாளரும் புதிது. கடலைப் படத்தில் மட்டும் பார்த்த ஊர்க்காரர், அரபியைப் புத்தகத்தில் படித்தவர். புத்தகத்தில் உலூம் என்றால் கல்வி, ஞானம், சாஸ்திரங்கள். அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. புத்தகத்தில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதி துரை மேசையில் வைத்தார்.

ஆறாவது வாரம் அடிவானத்தில் புகை தெரிந்தது. கப்பல். பெண்கள் குழந்தைகளையும் நெய்ப்பானைகளையும் தூக்கிக்கொண்டு பேரீச்சந்தோப்புக்கு ஓடினார்கள். அவசரத்தில் ஒருத்தி நெய்ப்பானையைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டியபடியே ஓடினாள் என்று இன்றைக்கும் அவள் வம்சத்தைக் கிண்டல் செய்வதுண்டு. கோட்டைக்காரர்கள் மிச்சமிருந்த மூன்று மூலைகளையும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். கப்பலிலிருந்து குண்டு வரவில்லை. சின்னப் படகில் ஒரு மரப்பெட்டி வந்தது, கூடவே ஒரு கடிதம். ஷேக் முன்னால் எல்லாரையும் கூட்டிவைத்துப் படிக்க வேண்டும் என்று உத்தரவு.

முல்லா படித்தார். இரண்டாவது வரியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. தம் அறியாமையை இவ்வளவு பணிவாக, வாரந்தோறும், காஜி முதல் ரொட்டிக்காரி வரை ஒருமனதாக ஒப்புக்கொண்ட மக்களை இந்தக் கடற்கரை முழுவதும் கண்டதில்லை என்றும், இக்குறையைப் போக்கும் முதல் படியாக நாற்பது சிலேட்டுகளும் ஒரு பூமி உருண்டையும் அனுப்பப்படுகின்றன என்றும் கடிதம் சொன்னது.

எல்லாரும் காஜியைப் பார்த்தார்கள்.

"அல்லாமேல ஆணையா வேற சொன்னீரே," என்றார் நகுதா தானி.

அப்புறம் எழுந்த சிரிப்பில் கடற்காக்கைகள் கலைந்து இரண்டு நாள் திரும்பி வரவில்லை. ஷேக் தலைப்பாகை அவிழ்ந்தது தெரியாமல் சிரித்தார். காஜி மட்டும் சிலேட்டு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, "நல்ல கல்லுதான்," என்று மூன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முல்லா வெட்கத்தில் கூனிக்குறுகி வீட்டுப் பக்கம் திரும்பினார். தானி அவர் கையைப் பிடித்தார்.

"எங்கய்யா போறீர்? ஊரையே கழுதையாக்கிட்டு காவா குடிக்காம போனா எப்படி? வாரும்."

மஜ்லிஸில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, நினைக்காமல், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்.

"சொல்லும் முல்லா, என்ன உலூம்?"

பதினொரு வருடம் தனியாக ஒத்திகை பார்த்த கேள்வி அது. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நலம்," என்று சொல்லி முடிக்கும்போது காவா ஆறிவிட்டது.

யாரும் கோப்பையை ஆட்டவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. முல்லா பேச ஆரம்பித்தார். தன் மனைவி பேய்க்குப் பயப்படாதவள், கோழிக்குப் பயந்தவள் என்று சொன்னார். லிங்காவில் தன் வீட்டுக் கூரையில் காற்று நுழைந்தால் குழல் ஊதுகிற சத்தம் வரும் என்றார். இவ்வளவு பேச்சை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அழைத்தார்கள். அதற்கடுத்த வாரம் அழைக்காமலே போனார்.

மூன்றாவது கோப்பைக்கு ஒரு குணம் உண்டு. அது ஆள் பார்ப்பதில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், தானியின் படகில் வேலை செய்த ஹிலால், பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டான்.

"நகுதா, வர்ற செவ்வாய்க்கிழமை மக்ரான் கரைக்குப் போறோமே, பேரீச்சம்பழ மூட்டை பத்தாது. நானூறு துப்பாக்கியை மூடணும்னா இன்னும் முப்பது மூட்டையாவது வேணும்."

ஹிலாலின் கை வாயை மூடப் பாதிவழி போய் நின்றது. தானி முல்லாவின் பக்கம் திரும்பவில்லை.

"காதுல விழுந்துடுச்சு," என்றார். "இனி உம்ம இஷ்டம் முல்லா. நான் கெஞ்ச மாட்டேன்."

"நீங்க கெஞ்ச வேண்டாம் நகுதா."

மறுநாள் தபால் படகு. முல்லா எழுதினால் துரை மெச்சுவார். தானியின் படகு எரியும். மஜ்லிஸ் பாயில் அவருக்கு இடம் இருக்காது. எழுதாவிட்டால் தின்கிற சோற்றுக்குத் துரோகம். அதுவரை ஒரு பொய்கூட எழுதியிராத பேனா அது. அன்று எழுதிய கடிதத்தில் காற்று வடமேற்கிலிருந்து அடிப்பதாகவும், பேரீச்சம்பழம் பழுத்துவிட்டதாகவும், ஓர் ஆடு மூன்று காலுள்ள குட்டி போட்டதாகவும் இருந்தது. ஆட்டுக்குட்டிக்கு நாலு காலும் இருந்தது. தாளை நிரப்ப வேண்டியிருந்தது, அதற்காக ஒரு காலை எடுத்துவிட்டார். நகலை வழக்கம்போலப் பெட்டியில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை படகு போனது. வெள்ளிக்கிழமை நடுக்கடலில் போர்க்கப்பல் அதை மறித்தது. பழமூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்து, துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, படகுக்குத் தீ வைத்தார்கள். தானியையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

ஊர் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது?

முல்லா மஜ்லிஸுக்குப் போனார். தானியின் இடத்தில் மகன் மத்தர் உட்கார்ந்திருந்தான். கோப்பை வந்தது. எல்லாரும் முதல் கோப்பையோடு ஆட்டினார்கள்.

"நான் எழுதல மத்தர்."

"காவா குடிங்க முல்லா."

"நகல் இருக்கு. கொண்டு வந்திருக்கேன். நீயே படிச்சுப் பாரு."

"எனக்கெங்க படிக்கத் தெரியும்? எங்களுக்குத்தான் உலூம் இல்லன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே."

"காஜி படிக்கட்டும்."

காஜி சுவரைப் பார்த்தார். "நகல் எழுதினவர் யாரு முல்லா?"

"நான்தான்."

"அதான்," என்றார் காஜி.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மூலை இடிந்த கோட்டையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள். முல்லா தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, கோப்பையை ஆட்டிவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் அவர் அங்கே போகவில்லை. ரொட்டி வாசலுக்கு வந்தது. தண்ணீர் வந்தது. ஓலைச் சுவருக்கு அந்தப்பக்கம் முன்பு கேட்ட இரண்டு குரலும் கேட்கவில்லை என்று ஷம்ஸா கிணற்றடியில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் நடிக்கவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் அக்கரையிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. கண்ணெதிரே நானூறு துப்பாக்கி ஏறியதைப் பார்க்காமல் ஆட்டுக்குட்டியின் காலை எண்ணிக்கொண்டிருந்த செய்தி எழுத்தர் இனித் தேவையில்லை.

ஏழு மாதம் கழித்துத் தானியை விட்டார்கள். பாதி உடம்பாகித் திரும்பி வந்தார். ஊரே கரையில் நின்றது. மத்தர் தோளைக் கொடுத்தான். மஜ்லிஸில் முதல் கோப்பை, இரண்டாவது கோப்பை, முறையெல்லாம் நடந்தது. மூன்றாவது கோப்பையில் தானி சொன்னார்.

"காட்டிக்கொடுத்தவன் மக்ரான்ல ஒரு ஒட்டகக்காரன். அவனைப் பார்த்தேன், அக்கரை ஆபீஸ்லயே சோறு தின்னுட்டு உட்கார்ந்திருந்தான். துரை நம்ம முல்லாவோட கடிதத்தை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி, உங்க ஊர்லேர்ந்து வந்தது இதுதான்னு திட்டினாரு. காத்து, பழம், ஒரு ஆடு. வேற ஒரு எழுத்து இல்ல."

மத்தர் பாயைப் பார்த்தான்.

"அவரைக் கூப்பிடு," என்றார் தானி.

யாரும் எழவில்லை. தானியே எழுந்து போனார். ஓலை வீட்டின் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. முடிச்சில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் ஷம்ஸா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எங்க போனாரு?"

"ரெண்டு மாசம் ஆச்சு நகுதா. பெட்டியைத் தூக்கிட்டுக் கரைப்பக்கம் போனாரு. நான் ரொட்டி திருப்பிட்டு இருந்தேன்."

"எந்தப் படகு?"

"பார்க்கல."

"லிங்காவுக்கா? பஸ்ராவுக்கா?"

"தெரியல."

தானி அன்று வீடு வீடாகப் போனார். வழிதவறிய ஆடு எந்த மணல்மேட்டில் மேய்கிறது என்று படுத்தபடியே சொல்லக்கூடிய ஊர் அது. பக்கத்து ஊரில் யாருக்குப் பல் விழுந்தது என்பதும் தெரியும். முல்லா குலூம் எந்தத் துறைக்குப் போனார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. காஜியின் வாசலில் நின்று கடைசியாகக் கேட்டார்.

"எங்க போறீருன்னு ஒரு ஆள்கூடவா கேட்கல?"

காஜி செருப்பை மாட்டிக்கொண்டு, நகுதாவோடு கரைவரை நடந்தார். அங்கே லிங்காவுக்குப் புறப்பட இருந்த படகு ஒன்று பாய் விரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி, தங்களையும் ஏற்றிக்கொள்ள அதை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள்.