அம்மா விடாத கோப்பை

என் அப்பாவின் கை நீளமானது. வான் வண்டியை ஓட்டிக்கொண்டே, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல், வலக்கையைப் பின்னுக்கு வீசுவார். பின் இருக்கையில் யாருடைய கன்னம் அகப்படுகிறதோ அதில் விழும். குற்றம் செய்தது யார் என்று விசாரிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு நேர் பின்னால், கதவோடு ஒட்டி இருந்தால் விரல் நுனி மட்டுமே படும் என்று நானும் தங்கச்சியும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அந்த மூலைக்காக இருவரும் சண்டை பிடிப்போம். எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கு ஐந்து. எப்போதும் நான்தான் வெல்வேன். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அழகாயிருக்கும். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், எங்களுக்குக் கனேடியக் குடியுரிமை கிடைத்த கோடை அது. ரொறன்ரோவின் வடக்கு ஓரத்து மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தோம். அப்பாவுக்கு ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு ரெஸ்ரோரண்டில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி அடுப்புக்கு ஏறியவர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் சாப்பாட்டுத் தட்டுக்குத்தான் கோப்பை என்று பெயர். எட்டு வருடமாக அந்தச் சமையலறையில் வெந்தவர், ஒரு நாள்கூட ஒரு மேசையில் போய் இருந்து சாப்பிட்டதில்லை. அதனால் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் போகிறோம் என்று அவர் சொன்னபோது, அவர் மனதில் இருந்தது நயாகரா அருவியும் இல்லை, வெள்ளை மாளிகையும் இல்லை.

"ஒரு கிழமைக்கு நாங்கள் கதிரையில இருப்பம். அவங்கள் கொண்டுவந்து வைக்கட்டும்" என்றார்.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை. புறப்படுகிற அன்று விடிய எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலும் இடித்து, ஒரு பெட்டி நிறைய அடுக்கி வைத்திருந்தார். அப்பா அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு அப்படியே குப்பை வாளிக்குள் கவிழ்த்தார். பெட்டியின் மூடியை அம்மாவின் தலையில் எறிந்தார். அது பிளாஸ்டிக் மூடி, நோகாது. அம்மா அதைக் குனிந்து எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வானில் வந்து ஏறினார். எங்கள் உல்லாசப் பயணம் இப்படித்தான் தொடங்கியது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அப்பா சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் தன் கோப்பையில் சோறு போடுவார். அது மரியாதையா, பயமா, வெறும் பழக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றும் சேர்ந்ததாக இருக்கலாம். வீட்டில் அதனால் ஒரு கரைச்சலும் இருந்ததில்லை. சட்டியில் மிச்சம் எப்போதும் இருக்கும்.

அப்பாவுக்கும் ஒரு பழக்கம் இருந்தது, அது அவருடைய தொழில் கற்றுக்கொடுத்தது. சாப்பிட்டு முடிந்த மேசையில் கோப்பை கிடக்கக் கூடாது, அது கடைக்கு அவமானம். ஆகவே அவர் வாயைத் துடைத்ததும் மேசையிலிருந்த கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் மேலே பக்கம் பக்கமாக வைத்து, பரிமாறுகிற பெண்ணின் கையில் கொடுப்பார். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்து ஆச்சரியமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் எல்லை கடந்து போயிருந்தார் என்று நினைக்கிறேன்.

அருவிக்கு அந்தப் பக்கம், அமெரிக்கக் கரையில், முதல் ரெஸ்ரோரண்ட். அம்மா தங்கச்சியின் கோழியை நறுக்கி, ஊட்டி, அவளுடைய வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சோறு அவருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா முடித்தார், வாயைத் துடைத்தார். அம்மா கரண்டியைக் கையில் எடுத்தார். அதே நேரம் அந்தப் பெண் வந்து, எல்லோரும் முடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். அப்பா "யெஸ் யெஸ்" என்று அம்மாவின் கோப்பையையும் இழுத்து அடுக்கின் மேல் வைத்தார். அம்மாவின் கையில் கரண்டி மட்டும் இருந்தது. அதையும் வாங்கிக் கொடுத்தார். அப்பா வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. அம்மா இன்னும் சாப்பிடவில்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கோபம் எனக்கு வந்திராது.

அடுத்த நாள் பென்சில்வேனியாவில், பெருந்தெருவோரம் ஒரு கடையிலும் இதே கதை. இந்தத் தடவை அம்மா வாயைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ, நான் இன்னும் சாப்பிடேல்லை."

"அப்ப இவ்வளவு நேரமும் என்ன புடுங்கினனீ? என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருந்தனியே?"

அதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். பரிமாறுகிற பெண் பக்கத்தில் நின்றாள். மேசைக்குக் கீழே அவருடைய சப்பாத்து அம்மாவின் காலில் ஏறி அழுத்தியது. எனக்குத் தெரியும், ஏனென்றால் மேசை ஆடி என் தண்ணீர் சிந்தியது. அம்மாவும் சிரித்தார். வானில் ஏறியதும் நான் தங்கச்சியின் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். அவள் ஒன்றும் செய்திருக்கவில்லை.

மோட்டலில் அம்மா தங்கச்சியின் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றார். நான் கேட்டேன், "அம்மா, நீங்களும் எங்களோட சேர்ந்து சாப்பிடுங்கோவன். இஞ்ச ஆர் பாக்கினம்?"

"அவர் சாப்பிடேக்க எனக்கு இறங்காது பிள்ளை. நான் என்ன செய்ய?"

மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு சின்ன ஊரில், சிவப்பு இருக்கைகள் போட்ட கடை. அன்று காலையில் அப்பா வழி தவறிவிட்டார். வரைபடத்தைப் பிடித்திருந்தது அம்மா, அம்மாவுக்கோ ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அந்த வரைபடத்தைச் சுருட்டி அம்மாவின் முகத்தில் மூன்று நான்கு தடவை அடித்தார். கடைக்குள் போனபோது அம்மாவின் ஒரு கண் சிவந்திருந்தது. வானில் குளிர்க்காற்று அதிகம், அதுதான் கண் சிவந்தது என்று அப்பா யாரும் கேட்காமலே எனக்குச் சொன்னார்.

அம்மாவுக்கு மீனும் உருளைக்கிழங்கும் வந்தன. அம்மா அதைப் பார்த்தபடியே இருந்தார். இரண்டு நாள் பசி. ஆனாலும் தொடவில்லை. அப்பா முடித்தார், துடைத்தார், அடுக்கத் தொடங்கினார். என்னுடையது, தங்கச்சியுடையது, தன்னுடையது. பிறகு அம்மாவின் கோப்பையில் கை வைத்தார். அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ. இது என்ர கோப்பை."

அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா இழுத்தார். அம்மா விடவில்லை. பரிமாறுகிற பெண், வயதானவள், உதவி செய்வதாக நினைத்து நடுவில் கையை நீட்டினாள். கோப்பை எகிறி அவளுடைய ஏப்ரனில் சாய்ந்து, நிலத்தில் விழுந்து உடைந்தது. அப்பா எழும்பி அம்மாவின் காதோடு சேர்த்து அறைந்தார். வீட்டில் அடிக்கிறபோது கேட்கிற சத்தம்தான். ஆனால் வீட்டில் ரேடியோவைச் சத்தமாகக் கூட்டிவைப்பார். இங்கே கடை முழுக்க அமைதியாயிருந்தது. இரண்டாவது அடியில் அம்மா இருக்கையிலிருந்து சரிந்து உடைந்த துண்டுகளின் மேல் கையூன்றினார். உள்ளங்கையில் இரத்தம் வந்தது. அப்படியே இருந்துகொண்டு, நிலத்தில் கிடந்த மீனை எடுத்து வாயில் வைத்துக் கடித்தார். அதை அப்பாவைப் பார்த்துக்கொண்டே செய்தார். இந்த ஒரு காட்சியை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

யாரோ பொலிஸுக்குப் போன் அடித்திருந்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். ஆண் அப்பாவை வெளியே கூட்டிப் போனார். பெண் பொலிஸ் அம்மாவை ஒரு மூலை மேசையில் இருத்தி, கைக்குத் துணி சுற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள், உன் அம்மா சொல்ல வேண்டும் என்றார். உனக்கு ஆங்கிலம் நன்றாக வருமா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டுக்காரரிடம், எங்கும் அம்மாவின் வாய் நான்தான்.

"உங்கள் கணவர் உங்களை அடித்தாரா? இதற்கு முன்பும் அடித்திருக்கிறாரா? அவரோடு போக உங்களுக்கு விருப்பமா? இதை அப்படியே கேள்."

நான் அப்படியே கேட்டேன். அதுவரை நான் பிழை விடவில்லை.

அம்மா யோசிக்கவே இல்லை. பதில் எத்தனையோ வருடமாக வாய்க்குள்ளேயே இருந்தது என்று தோன்றியது.

"ஓம், அடிச்சவர் எண்டு சொல்லு. நெடுகவும் அடிக்கிறவர், பிள்ளையள் உங்களுக்கும் அடிக்கிறவர் எண்டு சொல்லு. எனக்கு அவரோட வானில ஏறப் பயமாக் கிடக்கு. ஏறமாட்டன் எண்டு சொல்லு."

நான் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் வானின் கூரையில் வைத்தபடி நின்றார். பொலிஸ் வந்தால் அப்பாவை உள்ளே போட்டு, பிள்ளைகளை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், அக்காவை ஒரு வீட்டுக்கு, தங்கச்சியை ஒரு வீட்டுக்கு என்று அப்பா எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வான் ஓட்டத் தெரியாது. இது எங்கள் நாடும் இல்லை. ரொறன்ரோ எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. இவையெல்லாம் காரணங்கள். இவற்றை நான் வருடக்கணக்காகத் திரட்டி வைத்திருக்கிறேன். அந்த நேரம் எனக்குள் இருந்தது பயம் ஒன்றுதான்.

"கோப்பை வழுக்கி விழுந்தது. அவர் அதைப் பிடிக்கப் போனபோது கை தவறி அம்மாவின் முகத்தில் பட்டது. அம்மா தடுக்கி விழுந்துவிட்டார். வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

பெண் பொலிஸ் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் நேரடியாக, மெதுவாக, "இவள் சொன்னது உண்மையா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அம்மா தலையைப் பலமாக ஆட்டினார். "யெஸ். யெஸ். எவ்ரி டே" என்றார். "ஆம், தினமும் வீட்டைத்தான் நினைக்கிறார்" என்று அதற்கும் நான் ஒரு பொருள் சொல்லிக் கொடுத்தேன். அம்மாவின் முகத்தில் எவ்வளவு ஆறுதல். ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்தவரின் முகம். பெண் பொலிஸின் கையைப் பிடித்து "தாங்க்யூ" என்றார்.

பிறகு அம்மா, ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருந்தார். தங்கச்சியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கைப்பையை எடுத்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் கதவு திறந்து, சாவியைச் சுழற்றிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார்.

"வாங்கோ போவம்" என்றார்.

அம்மா பெண் பொலிஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழும்பி வந்து வானில் ஏறினார்.

பயணம் அத்தோடு முடிந்தது. வடக்கே திரும்பினோம். வழியில் ஒரு கழிவறையில் அம்மா முகம் கழுவிக்கொண்டே கேட்டார், "என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

அவர் குழாயை இறுக்கி மூடிவிட்டு வெளியே போனார். பிறகு அப்பா எல்லை வரை எங்கும் நிறுத்தவில்லை. மில்லிக்கனுக்கு வந்து வானை நிறுத்தியதும் எங்களிருவரையும் பேஸ்மென்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு கராஜ் கதவை இறக்கினார். மேல் வீட்டுக்காரர் அன்று இல்லை. அடிகளை எனக்கு எண்ணத் தோன்றவில்லை, தங்கச்சிதான் விரல் மடித்து எண்ணினாள். அவளுக்குப் பத்துவரைதான் தெரியும், பத்து முடிந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் அவளுடைய வாயில் ஓங்கி அடித்தேன். அன்று கராஜுக்குள் விழுந்த ஒவ்வொரு அடியும் நான் வாங்கிக் கொடுத்தது. இதைப் பிறகு கேட்ட நல்ல மனிதர்கள், நீ சின்னப் பிள்ளை என்று தேற்றினார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

இரண்டு கிழமை கழித்தும் அம்மாவின் இடது காதில் சத்தம் நிற்கவில்லை. பிளாசாவில் இருந்த டொக்டரிடம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனோம். தமிழ் டொக்டர் இல்லை. பெயர் கூப்பிட்டதும் வழக்கம்போல நான் முதலில் எழும்பினேன். அம்மா என் தோளில் கை வைத்து அழுத்தி இருத்தினார்.

"நீ இரு. நான் தனியப் போறன்."

"அம்மா, உங்களுக்கு இங்கிலிஷ்—"

"எனக்குத் தெரிஞ்ச அளவு காணும்."

நேர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் மகள் மொழிபெயர்க்க வரவில்லையா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். அம்மா நின்று, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"நோ. மை டோட்டர் டெல் ரோங்."

மகள் பிழையாகச் சொல்வாள் என்பதைக் கோபமாகச் சொல்லவில்லை. காது வலிக்கிறது என்று சொல்வதற்கு வைத்திருந்த குரலில்தான் சொன்னார். கதவு மூடிக்கொண்டது. நான் தங்கச்சியின் பக்கத்தில் இருந்தேன்.