என் வீட்டுக்காரரின் கண்ணீர்

என் வீட்டுக்காரர் இப்போது எல்லாவற்றுக்கும் அழுகிறார். தொலைக்காட்சியில் பிஸ்கட் விளம்பரம் வந்து, அதில் ஒரு குழந்தை அம்மாவைக் கட்டிக்கொண்டால் அழுகிறார். பூனை வாசலில் வந்து நின்று கத்தினால் அழுகிறார். போன மாதம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த சீனர் உள்ளே எட்டிப் பார்த்து "அங்கிள், நலமா?" என்று மலாய் மொழியில் கேட்டார். கேட்டதுதான் தாமதம், இவர் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய் சிலிண்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார். நான்தான் அதை அடுப்படி வரை உருட்டிக்கொண்டு போனேன்.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது போன வருஷம். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் பேச்சும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது புரிகிறது, தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான். அழுகை மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. அதற்கு முன் அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததே கிடையாது. அவருடைய அம்மா இறந்தபோது அழவில்லை. எங்கள் சின்ன மகள் இறந்தபோதும் அழவில்லை.

நாங்கள் இருப்பது ரெம்பாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். பழம் ஏற்றும் டிராக்டர் ஓட்டினார் அவர். ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை, காலி பண்ணிப் போக எங்களுக்கும் இடமில்லை. லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களை எண்ண ஒரு கை விரல் போதும். மற்ற வீடுகளில் வங்காளதேசத்தவர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பழங்கதை பேச முடியுமா? மூத்த மகள் ஜொகூரில் உயிரியல் ஆசிரியை. வாரக் கடைசியில் கைப்பேசியில் முகம் காட்டுவாள். மற்ற நாளெல்லாம் பேச முடியாத ஒரு மனிதரோடு நான். சில நாள் என் குரலே எனக்கு மறந்துவிடுமோ என்று பயந்து, மீனைக் கழுவிக்கொண்டே மீனோடு பேசியிருக்கிறேன்.

அவர் அழுவதை முதலில் கண்டுபிடித்து ஊருக்கு அறிவித்தவர் லயத்துக் கோடி வீட்டு அக்கா. "ஆம்பள மூளை செத்துப்போச்சு தங்கச்சி, பொம்பள மூளை முழிச்சிக்கிச்சு லா. கோயில்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டு" என்றார். போகிற போக்கில், "அழுவுற ஆம்பளையையும் சிரிக்கிற பொம்பளையையும் நம்பக்கூடாதும்பாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். நம்பாமல் எங்கே போவது, எழுந்து நடக்கவே என் தோள் வேண்டும் இவருக்கு.

கயிறும் கட்டினேன், சிரம்பான் மருத்துவமனையில் டாக்டரிடமும் கேட்டேன். சின்ன வயதுத் தமிழ்ப் பெண். கோடி வீட்டு அக்காவின் கண்டுபிடிப்பைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி. இது ஆம்பளைக்கும் வரும், பொம்பளைக்கும் வரும். அழுகைய அடக்கி வைக்கிற வழி மூளையில அடிபட்டுருச்சு. அதனால சின்ன விஷயத்துக்கும் அதுபாட்டுக்கு வந்துரும். அழறாருன்னா மனசு வருத்தப்படுதுன்னு அர்த்தம் இல்ல. மாத்திரை எழுதறேன், குறையும்."

அந்தப் பெண் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. "இருக்கட்டும் டாக்டர், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று மாத்திரையைத் தள்ளிப் போட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்த மனிதர் எங்கள் மகளுக்காக ஒரு தடவையாவது அழுவதை நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் படத்தை எடுத்து அவர் முன் நீட்டினேன். அழுதார். ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் பிஸ்கட் விளம்பரத்துக்கும் அதே மாதிரி அழுதிருந்தார். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படத்தைத் துடைத்து மாட்டிவிட்டேன்.

அவள் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது டெங்கி வந்தது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனோம், பெட்டியில் வந்தாள். எங்கள் தோட்டத்தில் பெண்கள் காட்டுக்குப் போவதில்லை. காடு என்று நாங்கள் சொல்வது இடுகாட்டை. ரப்பர் காலத்தில் பாலை எடை போடும் கொட்டகை ஒன்று இருந்தது, பால் ஸ்டோர் என்போம். அந்தச் சந்தி வரை பெண்கள் அழுதுகொண்டு போகலாம். அங்கே பெட்டியை ஒரு தடவை இறக்கி வைப்பார்கள். சுற்றி வந்து அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும். என்னை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். நான் மார்பில் அடித்துக்கொண்டு கிடந்தேன். இவர் திரும்பி வந்தார், குளித்தார், பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைப் போட்டுக்கொண்டு என் கண் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுபடியும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். சுற்றி இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆம்பளைங்க மனசு அப்படித்தான் செஞ்சிருக்கு, விடு" என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்.

இத்தனைக்கும் இந்த மாதிரிப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் பிரிவில் வேலை பார்த்தேன். சின்னச் சின்ன கம்ப்யூட்டர் சில்லுகளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கீறல் பார்க்கிற வேலை. வரிசை முழுவதும் பெண்கள். பெண்ணுக்குத்தான் பொறுமை, பெண் விரலுக்குத்தான் நுணுக்கம், ஆண் மூளைக்கு இது சரிப்படாது என்பார் சூப்பர்வைசர். நாங்களும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி பூரித்துப் போவோம். பிறகு ஆள் கிடைக்காமல் நேப்பாளத்து ஆண்களைக் கொண்டுவந்து அதே நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அவர்களும் அதே கீறலைக் கண்டுபிடித்தார்கள். எங்களைப் போலவே அவர்களுக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் அதற்குப் பிறகு மூளையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் விரல் வேறு, மனசு வேறு என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

மகளிடம் ஒருநாள் கைப்பேசியில் கேட்டேன். "உங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு மூளையே வேறயாம்மா? நீதான் படிச்சிருக்கியே."

"சராசரியா பாத்தா சில வித்தியாசம் இருக்கும்மா, இல்லன்னு சொல்லல. ஆனா ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசம் அதவிடப் பெருசு. ஒருத்தர் ஆம்பளைங்கற ஒண்ண மட்டும் வெச்சிக்கிட்டு அவரு மனசுல என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அழுகைக்கு ஹார்மோனும் ஒரு காரணமா இருக்கலாம், வளர்ப்பும் ஒரு காரணம். எது எவ்வளவுன்னு பிரிக்கறது கஷ்டம்."

"நீ பாடம் நடத்துற லா. நான் உங்கப்பாவோட குடும்பம் நடத்துறேன்" என்றேன். அவள் சிரித்தாள். தங்கையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எப்போதுமே பேசிக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அண்ணன் என்று கூப்பிடும் இவருடைய பழைய கூட்டாளி வந்தார். இவர் டிராக்டர் ஓட்டிய காலத்தில் கூடவே பழம் ஏற்றியவர். இப்போது செண்டாயானில் மகன் வீட்டில் இருக்கிறார். மகன் காரில் இறக்கிவிட்டுப் போனான். அண்ணன் வந்து கையைப் பிடித்ததும் இவர் வழக்கம்போல் அழுதார். அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பயப்படாதீங்கண்ணே, நோவு அப்படி" என்று மைலோவைக் கையில் கொடுத்தேன். "அழவே தெரியாத மனுசன், இப்ப எல்லாத்துக்கும் சேத்து அழுது தீத்துக்கறாரு."

"அழத் தெரியாதா? யாரு, இவனா?" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவசரமாக மைலோவைக் குடித்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுல்ல தங்கச்சி. காட்டுல நடந்தத வீட்டுல பேசக்கூடாது."

"என் புள்ளையப் பத்தினதுன்னா பேசித்தான் ஆகணும்."

அவர் இவரைப் பார்த்தார். இவர் அழுகை அடங்கித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"மண்ணு தள்ள ஆரம்பிச்சோம். இவன் குழிக்குள்ள குதிச்சிட்டான். பொட்டி மேல குப்புறப் படுத்துக்கிட்டு, 'என்னையும் சேத்து மூடுங்கடா'ன்னு கத்துறான். ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்கறோம், வர மாட்டேங்கறான். ஒரு ஆம்பள அப்படி அழுது அதுக்கு முன்ன நான் பாத்ததில்ல, அதுக்கப்புறமும் பாத்ததில்ல. ஒருவழியா மேல ஏத்தி, கால்வாய்ல கொண்டுபோயி மூஞ்சியக் கழுவி விட்டோம். அப்ப எங்கள வேலை வாங்கின மண்டோர்தான் சொன்னாரு, 'நீ போயி வீட்டுல இப்படி அழுதின்னா அந்தப் பொண்ணு தாங்காது, செத்துரும். அது முன்னுக்கு உக்காந்து நல்லா சாப்புடு. நீ சாப்புட்டாத்தான் அது ஒரு வாய் வெக்கும்'னு. 'இங்க நடந்தது பொம்பளைங்க காதுக்குப் போகக் கூடாது'ன்னு எங்க எல்லாருக்கும் சொன்னாரு. சரின்னு இருந்துட்டோம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான் தங்கச்சி..."

"என் நல்லதுக்கா? இருபது வருஷத்துக்கு மேல இந்த மனுசன கல்லு கல்லுன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே சோறு போட்டேன். அதுவாண்ணே எனக்கு நல்லது? அத்தன ஆம்பளைங்க போனீங்களே, ஒருத்தராவது உங்க வீட்டுப் பொம்பளைகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பாவம், வயதான மனிதர், பார்க்க வந்த இடத்தில் திட்டு வாங்கினார். மகன் கார் வந்து ஹாரன் அடித்தபோது தப்பித்தோம் பிழைத்தோம் என்று போனார். மண்டோரைத் திட்டலாம் என்றால் அவரும் அதே காட்டில் படுத்துவிட்டார். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். நான் தாங்க மாட்டேன் என்று அவரும் பெண்களைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தார், இவருக்கு வலிக்காது என்று நாங்களும் ஆண்களைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தோம். நான் அன்று பார்த்தது சந்திக்கு இந்தப் பக்கம் நடந்ததை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் மூளைக்கும் மனசுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அண்ணன் போன பிறகு முக்காலியை இழுத்து இவர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். துடைக்கத் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏங்க, அண்ணன் சொன்னது நெசமா? குழிக்குள்ள எறங்கினீங்களா?"

இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பூனைக்கு அழுகிற மனிதர், விளம்பரத்துக்கு அழுகிற மனிதர், அந்தக் கேள்விக்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். நல்ல கையால் நாற்காலிப் பிடியை அழுத்திப் பிடித்திருந்தார்.

இதை மகளிடம் சொன்னபோது அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அத வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதும்மா. அழுகையும் அப்பா கையில இல்ல, அழாததும் அவரு கையில இல்ல. இந்த நோவுல எப்ப வரும், எப்ப வராதுன்னு சொல்ல முடியாது" என்றாள். படித்தவள், சரியாகத்தான் சொல்லியிருப்பாள். நான் அவளோடு வாதாடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு நடந்ததை அவளிடம் சொல்லவுமில்லை.

அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். "அழுங்க" என்றேன். "நான் ஒண்ணும் செத்துர மாட்டேன். எனக்கு முன்னாலயே அழுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே மாதிரி ஆட்டினார், பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக. எனக்கு அடக்க முடியவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அவளைப் பெற்ற இரண்டு பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். அன்றும் நான் தனியாகத்தான் அழுதேன்.