மாமாவின் உள்ளங்கையில் விழுந்த புள்ளிகள்

சேலத்துக்கு மேசை பார்க்கப் போன அன்று என் பைக்குள் ஆறு டிரேசிங் தாள்கள் இருந்தன. கசங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டிப் போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கடையில் நின்றேன். குழாயின் மூடியைத் திறக்கவே இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை மாமாவுடையது, அதாவது என் அக்கா புருஷனுடையது. அச்சடிப்பவன் நான். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைதான். வலை கட்டிய சட்டத்தைத் தாளின் மேல் இறக்கி, மையை ரப்பர் கட்டையால் ஒரே சீராக இழுத்து, சட்டத்தைத் தூக்க வேண்டும். கெட்டி அட்டை என்றால் மேசையிலேயே கிடக்கும். மெல்லிய தாள் மையோடு ஒட்டிக்கொண்டு சட்டத்தோடு மேலே போகும். போனால் மை இழுபட்டுவிடும்.

இப்போது எல்லோரும் பத்திரிகையின் முகப்பில் ஒரு டிரேசிங் தாள் வைத்து, அதில் தங்க நிறத்தில் பிள்ளையார் கேட்கிறார்கள். தங்க மை பலாப்பால் மாதிரி பிடித்துக்கொள்ளும். மேசையில் பசை தடவி, ஓரத்தை இடது கை நகத்தால் அழுத்திப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தேன். நகம் கறுத்துப் போனதுதான் மிச்சம். காற்று மேசை வாங்குங்கள் என்று மாமாவிடம் இரண்டு வருடமாகச் சொன்னேன். மேற்பலகை முழுக்க ஓட்டைகள் இருக்கும். அடியில் இருக்கும் மோட்டார் காற்றை உறிஞ்சும். தாள் பலகையோடு அப்படியே படிந்து நிற்கும்.

மாமாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. சொந்தப் பெண்ணின் பத்திரிகை இழுபடக் கூடாது அல்லவா.

மாமாவுக்கு மோட்டார் தெரியும் என்று ஊருக்கே நம்பிக்கை. அவர் தோட்டங்காட்டில் மூன்று போர்வெல் ஓடுகிறது. சுற்று வட்டாரத்தில் யார் போர் போட்டாலும் மோட்டார் எடுக்க அவரைத்தான் கூட்டிப் போவார்கள். எத்தனை எச்.பி. என்று கேட்பார். ஓடவிட்டு, குழாய் வாயில் கையை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் கையைத் தள்ளினால் நல்ல மோட்டார். அந்தக் கையோடுதான் சேலத்துக்கும் வந்தார்.

கடைக்காரர் சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்.

“இவருதான் ஓட்டப்போறாருங்களா? எதுவரைக்கும் படிச்சிருக்காரு? மெஷின் புக்கு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குங்க.”

“அஞ்சாவதுங்க. அதுவும் வாத்தியார் பாவம் பாத்துப் பாஸ் போட்டது” என்றார் மாமா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கே வேலை செய்த பெண் மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தாள். எனக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்று பளபளவென்று எவர்சில்வர் பலகை, மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டைகள், கீழே பெரிய மோட்டார். இன்னொன்று வெள்ளைப் பலகை. ஊசி முனை அளவு ஓட்டைகள், நெருக்கமாக. அதன் மோட்டார் சின்னது. கிட்டப் போனால்தான் சத்தம் கேட்டது. காலால் மிதித்தால் காற்று நிற்கிற மாதிரி ஒரு கட்டையும் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. சட்டத்தைத் தூக்கிய கையோடு காலால் காற்றை நிறுத்தினால், தாளை மடங்காமல் எடுத்துவிடலாம்.

கடைக்காரர் எவர்சில்வர் மேசையைத்தான் ஓடவிட்டார். காலண்டர் அட்டை கனத்தில் ஓர் அட்டையைப் போட்டு, “இழுத்துப் பாருங்க” என்றார். மாமா இழுத்தார். வரவில்லை. அட்டையை எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை ஓட்டைகளின் மேல் அப்பினார். கொஞ்ச நேரம் கழித்துப் பிய்த்து எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“பாத்தியாடா இழுப்ப?”

உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். கெட்டித் தோலிலேயே இப்படிக் குழி விழுகிறது என்றால் டிரேசிங் தாள் என்ன ஆகும் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. போர் மோட்டார் ஆழத்தில் இருக்கும் தண்ணீரைத் தூக்க வேண்டும். இங்கே காற்று தாளுக்கு அடியிலேயே இருக்கிறது. பலமாக இழுக்க வேண்டியதில்லை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். என் பைக்குள் தாள் இருந்தது. விரித்துப் போட்டிருந்தால் போதும்.

வாயே வரவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு மடங்கிவிடும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று மனதுக்குள் நினைத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“அந்த வெள்ளை மேசை…” என்று மட்டும் ஆரம்பித்தேன்.

“அது சின்ன வேலைக்காரங்களுக்குங்க” என்று கடைக்காரர் முடித்துவிட்டார்.

எவர்சில்வர் மேசை ஊருக்கு வந்தது. மாமா சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். “மொத வேலை நம்ம பாப்பா பத்திரிகை. தாய்மாமன் கையாலயே அடிக்கட்டும்” என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

அட்டைகள் நன்றாகவே விழுந்தன. டிரேசிங் தாளை வைத்து மோட்டாரைப் போட்டதும், அம்மி கொத்தின மாதிரி தாள் முழுக்கக் குழி விழுந்தது. குழி இருந்த இடத்தில் எல்லாம் தங்க மை தேங்கியது. ஐம்பது தாள் அடித்துக் காய வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்தது.

“என்னடா இது, பிள்ளையாருக்கு அம்மை போட்டிருக்குது?”

“ஓட்டை பெருசுங்க மாமா.”

“ஓட்டை பெருசா, உன் கை ஆடுதா? ஆடுற கைக்கு எந்த மேசையும் பத்தாது. வயசாயிப்போச்சு உனக்கு. நாளையிலருந்து மடிக்கிற வேலையப் பாரு. தருமபுரியிலருந்து அச்சுக்கு ஆளு கூட்டியாரேன்.”

கடைக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்திருந்த இரண்டு பேர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறந்ததிலிருந்து எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து இந்தக் கை. எழுதத் தெரியாத கை. ஆனால் ரப்பர் கட்டையைப் பிடித்தால் ஒரு மயிரிழை விலகாது. மடிக்கிற மேசையில் உட்கார்ந்தால் அதோடு என் கதை முடிந்தது என்று தெரியும். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். கையைச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் அக்கா சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள்.

நான் ஒரு புதுத் தாளை மேசையில் வைத்தேன். சட்டத்தை இறக்கினேன். ரப்பர் கட்டையை மாமாவிடம் நீட்டினேன்.

“நீங்களே இழுங்க மாமா.”

“எனக்கு எதுக்குடா?”

“உங்க கை ஆடாதில்லீங்களா. இழுங்க.”

நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏர் பிடிப்பது மாதிரிப் பிடித்து இழுத்தார். பிள்ளையாரின் தும்பிக்கை கோணலாக வந்தது. ஆனால் புள்ளிகள் வந்தன.

என் தாள் ஒன்றையும் அவர் தாளையும் எடுத்தேன். இரண்டும் மேசையின் ஒரே மூலையில் வைத்து அடித்தவை. ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். டிரேசிங் தாள் ஆனதால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. தும்பிக்கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. புள்ளிகள் சேர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் மற்றதன் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அக்கா கிட்டே வந்து பார்த்தாள்.

“ஏங்க, புள்ளி எல்லாம் ஒரே எடத்துல தானுங்க இருக்குது. ஆடுற கை அதே எடத்துல போயா ஆடும்?”

பத்திரிகைக்கு வந்திருந்த ஆள் ஒருவர் இருமினார். மாமா தாள்களைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கடைக்காரரிடம் கத்தத் தொடங்கினார். கத்தி முடித்துவிட்டு உள்ளே வந்து, சுவரைப் பார்த்து, “மாத்தித் தர்றானாம். யாருக்குத் தெரியுதோ அவங்களே போய் எடுத்துக்கிட்டு வரட்டும்” என்றார்.

போனேன். கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “புக்கு படிச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது” என்றார். நான் குழாயைத் திறந்தேன். வெள்ளை மேசையில் தாளை விரித்து, மற்ற ஓட்டைகளைப் பழைய பேப்பரால் மூடி, மோட்டாரைப் போட்டேன். குனிந்து, பலகை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தேன். ஒரு குழி இல்லை. நான்கு மூலையையும் நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். எந்த மூலையும் வரவில்லை. காலால் மிதித்தேன். தாள் தானாக இளகியது. அடுத்த தாள். அதற்கடுத்தது. ஆறு தாளையும் போட்டுப் பார்க்கும்வரை கடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். நிற்கட்டும் என்று மெதுவாகவே செய்தேன்.

“இது போதுங்க” என்றேன்.

பத்திரிகை நன்றாக வந்தது. தருமபுரியிலிருந்து ஆள் யாரும் வரவில்லை. மடிக்கிற வேலையைப் பற்றி மாமா பிறகு பேசவும் இல்லை. தவறு தன்னுடையது என்றும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அரூரில் இதே தொழில் செய்யும் ஒருவர் எங்கள் மேசையைப் பார்க்க வந்தார். மாமா முன்னால் நின்றார்.

“நான் நேர்ல போயி, கையை வெச்சுப் பாத்து எடுத்ததுங்க. மோட்டார் விஷயத்துல நம்மள யாரும் ஏமாத்த முடியாது.”

மோட்டாரைப் போட்டு உள்ளங்கையைப் பலகையில் அப்பினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து அவரிடம் நீட்டினார். கையில் ஒரு புள்ளிகூட இல்லை.

“இழுப்பே இல்லையேங்க?” என்றார் வந்தவர்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்திலேயே டிரேசிங் தாள் கட்டு இருந்தது. ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கலாம். நான் ரப்பர் கட்டையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடித்துவிட்டு, கட்டையைத் திருப்பி, மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.