பெயிண்டுக்கு மேல் முடுக்கிய போல்ட்

ஜமாலுதீன் இறந்த செய்தியைப் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்த டிரைவர் கன்னியப்பன் பட்டறை வாசலிலேயே நின்று சொன்னார். "ஜமால் பாய் பூட்டாரு சார். மார் வலிக்குதுன்னாராம், அவ்ளோதான்." பத்துப் பேர் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். நான் செத்தால் இத்தனை பேர் எழுந்திருப்பார்களா என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

அம்பத்தூர் அரசு வண்டிப் பட்டறையில் அவரும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்த எலக்ட்ரீஷியன்கள். நான் படித்துச் சான்றிதழ் வாங்கியவன்; அவர் கரையான்சாவடியில் லாரிகளுக்கு ஒயர் கட்டிப் பழகியவர். டிரைவர்கள் என் முன்னால் நின்றுகொண்டே, "ஜமால் பாய் கீறாரா?" என்று கேட்பார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை, பூந்தமல்லிப் பக்கத்துச் சுகாதார நிலையத்தின் ஜீப் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். ஜமாலுக்கு அன்று லீவு. ஜீப்பில் உயிரே இல்லை. ஹாரன் இல்லை, லைட் இல்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் முள் அசையவில்லை. தள்ளிப் பார்த்தும் பயனில்லை. வராந்தாவில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். டாக்சி தேடிப் போனவர் திரும்பவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸை மாற்றினேன். சாவி சுவிட்சைக் கழற்றினேன். ஒயர்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். அவள் கணவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஆயிடுமா சார்? ஆயிடுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நிமிர்ந்தபோது, ஜீப்பின் டிரைவரான கன்னியப்பன் சைக்கிள் கேரியரில் ஜமாலை உட்காரவைத்து வந்துகொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார்.

ஜமால் வண்டியைத் தொடவில்லை. "கடசியா இதுக்கு இன்னா வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"போன வாரம் ஒங்க பட்டறைலதான் அடில பெயிண்ட் அடிச்சாங்க பாய்" என்றார் கன்னியப்பன்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தார். பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு வரும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே கரண்டை மறிக்கும் கறுப்புப் பெயிண்ட்; போல்ட்டின் மரை மட்டும் தொட்டுக்கொண்டிருந்ததில்தான் ஒரு வாரம் ஓடியிருக்கிறது. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு, பட்டையை வைத்து முடுக்கினார். நான் பிரித்துப் போட்ட ஒயர்களையும் அவரே மாட்டினார். ஹாரன் அலறியது. "கரண்டு போனா மட்டும் பத்தாது நைனா, திரும்பி வர்றதுக்கும் வழி வோணும்" என்றார்.

பெயிண்டைச் சுரண்டாமல் அந்தப் போல்ட்டை முடுக்கியவன் நான். அது அவருக்குத் தெரியும். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். மறுநாள் ஃபோர்மேன் விசாரித்தபோது, "ரோடு ஆட்டத்துல லூசாயிருச்சு சார்" என்று சொல்லிவிட்டார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பத்து நாள் கழித்து அந்தக் கணவன் அல்வாப் பொட்டலத்தோடு வந்து ஜமாலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஜமால் என்னைக் காட்டி, "காலீலேர்ந்து மல்லுக்கட்னவரு அவுருதான், அவுருக்குக் குடு" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அந்த வருடமே எனக்குப் பதவி உயர்வு வந்தது. உண்மை தெரிந்திருந்தால் அது அவருக்குத்தான் போயிருக்கும். அதன்பிறகு எட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். ஒரு தடவையாவது அவர் குத்திக்காட்டியிருந்தால், இவனும் நம்மைப் போலத்தான் என்று ஆறுதல் அடைந்திருப்பேன். அந்த ஆறுதலை எனக்கு அவர் கடைசிவரை தரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவர் மகன் என்னிடம் வந்து, "அத்தாவைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார், பட்டறை இரங்கல் கூட்டத்துல படிக்கணும், உங்க மேலே ரொம்ப மரியாதை அவருக்கு" என்றான். இதோ எழுதிவிட்டேன். ஜீப் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். போல்ட்டை முடுக்கியவன் யார் என்பது இன்றுதான் தெரியும்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பொறாமை ஒன்றுதான். அவரைத் தோற்கடிப்பதற்காகவே தினமும் காலையில் எழுந்து வேலைக்கு வந்தவன் நான். இப்போது ஷெட்டுக்குள் நுழைந்தால் எதைத் தொடுவது என்றே தெரியவில்லை.