கிடங்குக்காரன் வீட்டுச் சோறு

சாப்பாட்டைப் பற்றி என்றால் மட்டும்தான் எனக்குப் பேச்சு வரும். மற்ற நேரங்களில், பஸ்ஸில் என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துகொண்டால்கூட ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டே போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்க முடியாது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். விடியற்காலையில் நாசி கண்டார் சோறு விற்கிற பாய் காவடித்தண்டின் ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புச் சட்டிகளுமாக வந்து இறக்குவார். மீன் சினைக் குழம்பில் கொஞ்சம், இறைச்சிக் குழம்பில் கொஞ்சம், இரண்டும் சோற்றில் ஒன்றோடொன்று கலக்கிற மாதிரி ஊற்றச் சொல்லுவேன். அந்த ஒன்றைக் கேட்க எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து அதை என் மனைவியிடம் விவரமாகச் சொல்லுவேன். அவள் சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கருவாட்டையும் கத்திரிக்காயையும் வைத்துக்கொண்டு அவள் செய்கிற குழம்பை நான் பாயிடம் சொல்லியிருக்கிறேன். இப்படி எங்கள் குடும்பப் பேச்சு முக்கால்வாசி சாப்பாடாகவே இருந்தது.

பினாங்கில் குண்டு விழுந்தபோது என் மகன் அவள் வயிற்றில் இருந்தான். அவனுக்குப் பல் முளைக்கிற சமயத்தில் அரிசிப் பங்கீடு சுருங்கத் தொடங்கிவிட்டது. அவன் நடக்க ஆரம்பித்தபோது பேருக்குத்தான் பங்கீடு. மரவள்ளிக் கிழங்கைத் தின்றோம். ஊபி, ஊபி என்று ஊரெல்லாம் அதுதான். காலையில் வேகவைத்தது, மாலையில் துருவிக் காயவைத்து ஆவியில் எடுத்தது. அதன் இலைதான் கீரை. செம்பனை எண்ணெய் கிடைத்தால் அதில் ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டு வதக்குவாள். கிடைக்காத நாட்களில் உப்புத் தண்ணீர்.

அந்த விளையாட்டை யார் தொடங்கினோம் என்று நினைவில்லை. ஒருநாள் தட்டை வைத்துவிட்டு மனைவி, "இன்னைக்கு என்ன வேணும் ஐயாவுக்கு?" என்று கேட்டாள்.

"நாசி கண்டார். சினைக் குழம்பு மேல ஊத்தி."

"ஊத்தியாச்சு. இந்தாங்க, கோழிக்கால் ஒண்ணு கூட வச்சிருக்கேன். பாய்கிட்ட சொல்லிடாதீங்க."

உப்புத் தண்ணீரில் நனைத்த கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு, "காரம் கொஞ்சம் தூக்கல்லா," என்றேன். அவள் சிரித்தாள். அதன்பிறகு தினமும் இப்படித்தான் சாப்பிட்டோம். மகன் மடியில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டிருந்த வயது. துருவி உதிர்த்த கிழங்கு அவனுக்குச் சோறு. இலை கோழி. மிளகாய் போட்ட தண்ணீர் குழம்பு. அவனைப் பொறுத்தவரை அதில் விளையாட்டு எதுவுமில்லை. அவற்றுக்கு அதுதான் பெயர்.

நாங்கள் இருந்தது சூலியா ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில். ஒரே கூடத்தைப் பலகை அடித்து அறைகளாகப் பிரித்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஒரு பெண், அவளுடைய நாலைந்து வயது மகள். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் என்னை அண்ணே என்பாள். நான் பதிலுக்குத் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அவளுக்கும் கேட்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்போது நான் அரிசிக் கிடங்கில் வேலை செய்தேன். ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்ட கிடங்கு. சயாமிலிருந்து வருகிற மூட்டைகளை இறக்கி அடுக்குவோம். அதிலிருந்து ஒரு மணி அரிசிகூட எங்கள் வீட்டுக்கு வராது. வேலை முடிந்து வெளியே போகும்போது காவல்காரனுக்குக் குனிந்து வணங்கிவிட்டு, கோணியில் தைத்த கால்சட்டையைக் கழற்றி உதறிக்காட்ட வேண்டும். தலைமயிருக்குள் விரல்விட்டுப் பார்ப்பார்கள். ஒருவன் தண்ணீர்ப் போத்தலின் அடியில் அரிசி வைத்திருந்தான். அவனை வாசல் கம்பத்தில் பகல் முழுக்கக் கட்டிவைத்தார்கள். பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. எனக்கு அரிசியைத் தொட்ட கையை முகர்ந்து பார்க்கக்கூடப் பயம்.

என் மகன் மாடிப்படியின் மேல் படியில் நின்றுகொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் சொல்லுவான். "நானு சோறு தின்னேன். கோழி தின்னேன்."

கீழே தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். "எங்களுக்கு ஒரு வாய் வைக்கலியாடா குட்டி?" என்று கேட்டார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் வேலைக்கு இறங்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அது ஏன் என்று பக்கத்து அறைப் பெண் வந்து நின்ற அன்றைக்குத்தான் புரிந்தது.

அவள் மகளுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு முகம். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெசர் பார்த்துவிட்டு, மருந்தில்லை, வெறும் கிழங்கை இந்த உடம்பு தாங்காது, எப்படியாவது அரிசி தேடிக் கொடு என்று அனுப்பிவிட்டார். அவள் நேரே எங்கள் அறை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரு கை அரிசி."

"இல்லம்மா," என்றேன்.

"ஒரு கைதான் கேக்கறேன். தினமும் சோறுங்கறீங்க, கோழிங்கறீங்க. பலகைக்கு அந்தப் பக்கம் எம்புள்ள கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கு. 'அம்மா, அத்தை வீட்ல இன்னைக்குச் சினைக் குழம்பாம்'னு சொல்லுது. நான் என்ன சொல்லட்டும் அதுகிட்ட?"

மனைவிதான், "ஐயோ, அது சும்மா பேச்சுங்க. விளையாட்டு," என்றாள்.

"விளையாட்டா? வயித்துல ஈரத்துணி கட்டிக்கிட்டுப் படுக்கற வீட்ல யாரு அண்ணி கோழி விளையாட்டு விளையாடுவாங்க? அண்ணே கிடங்குல இருக்காரு. எடுக்கறாரு. எடுக்கட்டும், நான் யார்கிட்டயும் சொல்லல. கீழ இருக்கறவங்க வாயை நான் கட்ட முடியாது. எனக்கு ஒரு கை குடுங்க."

இந்தப் பேச்சு கிடங்கு வாசல் வரைக்கும் போனால் என் கதை என்ன ஆகும் என்று மனைவிக்கும் தெரியும். ஆனால் அவள் கத்தவில்லை, சத்தியம் செய்யவில்லை. "சாயங்காலம் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வாங்க. எங்களோட சாப்பிடுங்க," என்றாள்.

வந்தார்கள். சிறுமியை அவள் அம்மா சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். கண்கள் வீக்கத்துக்குள் புதைந்திருந்தன. மனைவி தட்டை நடுவில் வைத்தாள். அன்றைக்கு எண்ணெயும் இல்லை. துருவிய கிழங்கு, இலை, உப்புத் தண்ணீர்.

"சோறு!" என்று மகன் கைதட்டினான்.

சிறுமி தட்டைப் பார்த்தாள். "இது சோறு இல்ல. ஊபி," என்றாள். அவளுக்கு அரிசிச் சோறு நினைவிருந்தது.

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோறு! சோறு!" என்று கத்தினான். பிறகு தட்டில் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து, தத்தித் தத்திப் போய் அவள் உதட்டில் வைத்து அழுத்தினான். "தின்னு. சோறு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிழங்கு அவள் கழுத்தில் உதிர்ந்தது.

அவள் அம்மா இலையைத் தொட்டுக்காட்டி, "இதுதான் கோழியா அண்ணே?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அழுகை என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கிடங்கில் மண்டோரிடம் போய் நின்றேன். தமிழர்தான். கூலிகளை மேய்க்கிற வேலை அவருடையது. மூட்டையிலிருந்து சிந்துகிற அரிசியை மாலையில் கூட்டி ஒரு பக்கெட்டில் போட்டு வைப்போம். கல்லும் சுண்ணாம்பும் எலிப்புழுக்கையும் கலந்திருக்கும். அதில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அது ஆபீசர் வளக்கற கோழிக்குப் போவுது. கோழிக்குப் போட்டியா நீ?" என்று சுற்றியிருந்தவர்கள் சிரிக்கும்படி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் குடுத்தா என் தலை போயிடும்பா. வேணும்னா அவன்கிட்டயே கேளு," என்றார்.

நான் கேட்டேன். எப்படிப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஆபீசர் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் போய்க் குனிந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஜப்பான் பேச்சில், குழந்தை என்பதற்கு ஒரு சொல் மட்டும் இருந்தது. "கொடொமோ," என்றேன். வாயைக் காட்டினேன். பக்கெட்டைக் காட்டினேன். அவன் எழுந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "பக்கேரோ!" என்று திட்டி இன்னொன்று. நான் மறுபடியும் குனிந்தேன். ஓடத் தெரியாததால் அங்கேயே நின்றேன். ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

"கொடொமோ?" என்று அவன் கேட்டு, எவ்வளவு பெரிது என்பதுபோலத் தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினான். நான் அந்தச் சிறுமியின் உயரத்தைக் காட்டினேன். அவன் காலியான சிகரெட் டின் ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினான். நான் பக்கெட்டிலிருந்து அதை நிரப்பிக்கொண்டேன். வாசல் காவல்காரனிடம் அவனே கத்திச் சொன்னான். அன்றைக்கு என் தலைமயிரை யாரும் துழாவவில்லை.

டின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். படியேறும்போது கீழே பெண்கள் யாரும் இல்லை. எல்லாரும் மேலே இருந்தார்கள். மனைவி மேல் படியில் நின்றிருந்தாள்.

"போயிடுச்சுங்க. மத்தியானமே," என்றாள்.

நான் டின்னோடு பக்கத்து அறை வாசலுக்குப் போனேன். அறைக்குள் சிறுமியைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பார்த்தாள். எழுந்து வந்து டின்னை வாங்கி, மூடியைத் திறந்து, விரலால் கிளறிப் பார்த்தாள்.

"அரிசி," என்றாள்.

கீழ்வீட்டுப் பெரியவர், இருட்டுவதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவள், "வாய்க்கரிசி போடணும்," என்றாள்.

"பச்சப் புள்ளைக்கு அதெல்லாம் வழக்கமில்லைம்மா. பெரியவங்களுக்குத்தான்."

"பெரியவங்க தின்னுட்டுப் போறாங்க. இது தின்னாமப் போவுது. போட்டுத்தான் அனுப்புவேன்."

அவள் உட்கார்ந்து, கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி, முழு அரிசியாகப் பார்த்து எடுத்தாள். அதற்கு நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு மகளின் வாயைத் திறந்து போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். நானும் போட்டேன்.

பெட்டிக்குப் பலகை கிடையாது. கோணியில் சுற்றி, நானும் பெரியவரும் பத்து லஞ்சாங்கில் இருக்கிற இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

குளித்துவிட்டு அறைக்கு வந்தால் டின் எங்கள் அடுப்பருகே இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"அவங்கதான் கொண்டாந்து வச்சாங்க. புள்ளைக்குக் காச்சிக் குடுங்கன்னு சொன்னாங்க," என்றாள் மனைவி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "வாய்க்கரிசி மிச்சத்தை உலையில போடலாமாங்க?"

போடக்கூடாது என்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த அரிசி சாவு வீட்டோடு போக வேண்டியது. நான் மகனைப் பார்த்தேன். அவன் பாயில் உட்கார்ந்து தன் காலைத் தடவிக்கொண்டிருந்தான். அந்தக் கால் வீங்கியிருக்கிறதா இல்லையா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

"கழுவினா அரிசிதானே," என்றாள் அவளே.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் சுண்ணாம்பு போகத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அரிசி வேகிற வாசனையை நான் மறந்துபோயிருந்தேன். அது பலகை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போகும். ஒரு துணியால் சட்டியை மூடினேன். துணியால் வாசனை நிற்குமா என்ன.

அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். நாங்கள் இருவரும் திருடர்கள்போல எழுந்துவிட்டோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, மகனை மடியில் எடுத்துக்கொண்டாள். மனைவி கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஊதி ஊதி, விரலால் எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

அவன் நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தான். "என்னா?" என்று கேட்டான்.

நானும் மனைவியும் தெரிந்த பெயரையெல்லாம் கிழங்குக்கு வைத்துத் தீர்த்திருந்தோம்.

"கஞ்சி," என்றாள் அந்தப் பெண்.

அவன் கேட்டிராத சொல் அது. எங்கள் விளையாட்டில் யாரும் கஞ்சி கேட்டதில்லை. "கஞ்சி," என்று திருப்பிச் சொன்னான். அடுத்த வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தான். அவள் ஊட்டிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் தீர்ந்ததும் சட்டியைப் பக்கத்தில் இழுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து ஊட்டினாள். அது தீர்ந்ததும் அவன் அவள் விரலைப் பிடித்துச் சப்பினான்.

"இன்னும்," என்றான்.

அவள் சட்டியைச் சாய்த்து, அதன் உள்பக்கத்தை அவனுக்குக் காட்டினாள்.