முப்பத்தொன்றாம் தேதி பார்ட்டி

எதிர்வீட்டு ரெனாட்டாவை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிட்ஸ்பர்கிலிருந்து வந்தவள். வந்த வாரமே எங்கள் தெரு மரங்கள் இலை கொட்டுவதைக் குறை சொன்னாள். ஆனால் டுவைனைக் கட்டிக்கொண்டு, அவன் மகள் ஹேட்டியிடம் அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே மனசு இளகிவிட்டது. ஹேட்டியின் அம்மா விவாகரத்துக்குப் பிறகு டென்வருக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் ரெனாட்டாவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாது. எப்போதும் "அவங்க"தான். டுவைன் லாரிக்காரன், பாதி நாள் வெளியூர்.

ஹேட்டியின் மனசில் எப்படியாவது இடம்பிடிக்க ரெனாட்டா வீட்டில் ஹாலோவீன் பார்ட்டி வைத்தாள். வகுப்புப் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அழைப்பு போனது. அக்டோபர் முப்பத்தொன்று, சாயங்காலம்.

உலகத்துக்கே அன்றுதான் ஹாலோவீன். ஆனால் எங்கள் டி மொயின் ஊரில் பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாகக் கிளம்புவது முந்தின நாள். சும்மா பையை நீட்டினால் மிட்டாய் விழாது, வாசலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவளிடம் யாருமே சொல்லவில்லை. மூச்சுவிடச் சொல்லித் தருவோமா என்ன? மறுநாளும் தனியாக விருந்து வைக்கிறாளே, தாராளக் கைக்காரி என்று நானே மெச்சிக்கொண்டேன்.

முப்பதாம் தேதி இருட்டும்போது ரெனாட்டா உள்ளே விளக்கு வைக்கப் பூசணிக்காய் குடைந்துகொண்டிருந்தாள். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு டைனோசர்.

"எலும்புக்கூடு ஏன் கேக் சாப்பிடல?"

"பார்ட்டி நாளைக்குடா கண்ணா!"

"ஐயோ, 'ஏன்'னு கேளுங்க!"

"சரி, ஏன்?"

"அதுக்குத்தான் வயிறே இல்லையே!"

அவன் பின்னால் நடைபாதை வரை வரிசை. "எல்லாருமே தேதிய தப்பா படிச்சிட்டீங்களா? பரவால்ல, உள்ள வாங்க!" என்று அத்தனை பேரையும் வீட்டுக்குள் இழுத்துவிட்டாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் யாரும் மறுக்கவில்லை.

நான் என் மிட்டாய்ச் சட்டியோடு ஓடினேன். "தப்பு உன்னோடதுடி! எங்க ஊர்ல இன்னிக்குத்தான்."

அவள் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு எல்லாருக்கும் வயித்துவலி. ஒருத்தரும் வரமாட்டாங்க."

"இந்த வீட்ல ஒரு மிட்டாய்கூட இல்ல வெர்னா. கேக் இன்னும் மாவா கெடக்கு. ஹேட்டி இனிமே என் மூஞ்சியில முழிப்பாளா?"

"அழுகைய அப்புறம் வெச்சுக்க. சோளம் இருக்கா? பொரி."

பொரித்தோம். ஆப்பிள்களைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம், பிள்ளைகள் வாயால் கவ்வி எடுக்க. மிச்சப் பூசணிகளைக் குடைய அவர்களிடமே கொடுத்தோம். கூடம் நாசமாயிற்று. வெளியே குளிரில் நின்ற அப்பாக்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து, பிள்ளைகளைவிட மோசமான ஜோக்குகள் சொன்னார்கள்.

சாயங்காலம் முழுக்க மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஹேட்டி, சத்தம் கேட்டு வௌவால் இறக்கையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தது. கொஞ்ச நேரம் ஆடிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றது.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" என்றாள் ரெனாட்டா.

"இன்னிக்குத்தான்னு. வேணும்னேதான் சொல்லல. நாளைக்கு யாரும் வரக்கூடாதுன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு வைத்திருப்பேன். ரெனாட்டா ஹேட்டியையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துப் பூசணி விதைகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடிக் கள்ளி! இன்னிக்குக் கேட்டதுலயே இதுதான்டி நல்ல ஜோக்!" என் சட்டியில் கைவிட்டு, இருந்ததிலேயே பெரிய சாக்லேட்டை எடுத்து அதன் கையில் வைத்தாள்.

 ஹேட்டி அழப்போகிறது என்று நினைத்தேன். அதுவும் சிரித்துவிட்டு, அவளை ஒட்டி உட்கார்ந்து சாக்லேட்டில் பாதியை உடைத்து நீட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த வருஷ அழைப்பை ஹேட்டியே கோணல் எழுத்தில் எழுதியது. "அக்டோபர் முப்பது. ஜோக் கட்டாயம். எங்க ரெனாட்டாகிட்ட மட்டும் தேதி கேக்காதீங்க."